பன்றித் துறையில் கம்பி இல்லை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது குரல் உயர்ந்தால் நீங்கள் திடுக்கிட வேண்டாம்.

மார்ல்பி நகர மன்றக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையைத் தூக்கினேன். முழுவதும் அல்ல, காது வரைக்கும். காதைச் சொறிகிறேன் என்று நினைத்திருப்பார்கள். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்குக் கை தூக்க வேண்டியதில்லை.

முதல் தொடக்கம்:

"வட இங்கிலாந்தில், பழுப்பு நிற ஆறு ஒன்றின் கரையில், அழகிய சிறு நகரம்—"

அடித்துவிட்டேன். 'அழகிய' என்பது தொலைக்காட்சிக்காரர்களின் சொல். அவர்கள் அதைச் சொன்னால் அடுத்து யாரோ கொலையாகப் போகிறார்கள் என்று பொருள்.

இரண்டாவது:

"க்ளெண்டா பார்க்கினின் கணவர் டெரிக் இறந்த காலையில்—"

டெரிக் இறக்கவில்லை. ஏன் இப்படி எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது:

"மார்ல்பியில் பன்றித் துறை என்று ஓர் இடம் உண்டு."

இது உண்மை. இது போதும்.

2

மார்ல்பியில் பன்றித் துறை என்று ஓர் இடம் உண்டு. மில் சந்தின் முடிவிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள். ஒரு காலத்தில் பன்றிகளைப் படகில் ஏற்றியது அங்கேதான். பன்றியும் போய்விட்டது, படகும் போய்விட்டது. பெயர் இருந்தது.*

* 'துறை' என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் ஆங்கிலச் சொல் பெரும்பாலான ஆங்கிலேயர்களுக்கே தெரியாது. தமிழில் அது எல்லோருக்கும் தெரியும். பரிசல் துறை, குளிக்கும் துறை. இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் லண்டன்காரர்களைவிட மார்ல்பிக்கு நெருக்கம்.

நான் ஆற்று நீரைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். மாதிரி எடுக்கும் புட்டியில் எடுத்த இடத்தின் பெயரை எழுத வேண்டும். என் புட்டிகளில் 'பன்றித் துறை' என்று இன்னும் இருக்கிறது. வேறு எங்கெல்லாம் இல்லை என்பதுதான் கதை.

மார்ல்பி திரையில் பலமுறை வந்திருக்கிறது. மார்ல்பியாக ஒருமுறைகூட வந்ததில்லை. ஒரு போர்ப் படத்தில் அது பிரெஞ்சுக் கிராமம். சந்தைத் திடலில் இருந்த கறிக்கடை ரொட்டிக்கடை ஆனது. கடைக்காரர் இரண்டு வாரம் கடையைத் திறக்கவில்லை. வேறொன்றில் அது லண்டனின் சேரி. மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கும் எங்கள் தெருவுக்குக் கரி பூசினார்கள். ஷாம்பு விளம்பரம் ஒன்றில் தேவாலயக் கோபுரத்தையே அழித்துவிட்டார்கள். நாயகியின் கூந்தல் பறக்க இடம் வேண்டுமாம். ஆறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது தேசியச் செய்தியில் காட்டினார்கள். கீழே பக்கத்து ஊரின் பெயர் ஓடியது.

ஊருக்கென்று ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். பத்திரிகையின் பெயர் மட்டும் இணையத்தில் உயிரோடு இருக்கிறது. வேறொரு நகரத்திலிருந்து கேலம் என்ற இளைஞன் ஒருவன் மார்ல்பிக்கும் இன்னும் பல ஊர்களுக்கும் சேர்த்துச் செய்தி எழுதுகிறான். அவன் மார்ல்பிக்கு வந்ததில்லை.

மிச்சம் இருப்பது மார்ல்பி வானொலி. பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியில், ஒழுகும் கூரைக்குக் கீழே. அதில் ஞாயிறு காலை அறிவிப்புகளை வாசிப்பவள் க்ளெண்டா. குப்பை வண்டி எந்தக் கிழமை, எந்தப் பூனையைக் காணோம், தேவாலயத்தில் கேக் விற்பனை எப்போது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும்.

3

'படகுக்காரன் மனைவி' என்பது மார்ல்பியில் எடுத்த தொலைக்காட்சித் தொடரின் பெயர். கதை 1934இல் நடக்கிறது. படகில் போன கணவன் திரும்பவில்லை. மனைவி தினமும் படியில் வந்து நிற்கிறாள். அந்தப் படிக்குத் தொடரில் 'விதவைப் படி' என்று பெயர். பன்றித் துறையில் நின்று கண்ணீர் விட்டால் யார் பார்ப்பார்கள்?

படிகளின் ஓரத்தில் இரும்புக் கைப்பிடிக் கம்பி ஒன்று இருந்தது. நகர மன்றத்தார் அதற்கு எப்போதும் மஞ்சள் அடிப்பார்கள். அதைக் கழற்றத் தொடர்க்காரர்களின் ஆட்கள் வந்த அன்று டெரிக் நாயோடு அந்தப் பக்கம் போனார். கையில் அட்டையோடு நின்ற பையனிடம் கேட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"அந்தக் காலத்துக்கு இது பொருந்தலை சார். கதை முப்பத்தி நாலுல நடக்குது."

டெரிக் குனிந்து கம்பியின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் தேய்த்தார். வார்ப்பில் எழுத்து இருந்தது. 1911.

"படிச்சுப் பாரு தம்பி. உன் கதைக்கு இது அண்ணன்."

"அது சரிதான் சார். ஆனா பார்க்கப் புதுசா இருக்கே."

"நான்கூட இன்னிக்கு ஷேவ் பண்ணியிருக்கேன். என்னையும் கழட்டி வண்டில ஏத்துவியா?"

பையன் சிரித்தான். நல்ல பையன். படப்பிடிப்பு முடிந்ததும் மாட்டிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தான். அவன் வாக்குக் கொடுக்கக் கூடியவன் இல்லை என்று அவனுக்கே தெரியாது.

படப்பிடிப்பு முடிந்தது. தொடர் ஒளிபரப்பானது. ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். படியில் சால்வை போர்த்தி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கம்பியைத் திரும்ப மாட்டினால் படம் தொடரில் வருவதுபோல் இருக்காது. எனவே நகர மன்றம் மாட்டவில்லை. சந்து முனையில் 'விதவைப் படி' என்று பலகை வைத்தார்கள். தேநீர்க் கடையில் அந்தப் பெயர் அச்சிட்ட துண்டு விற்கிறது. இணைய வரைபடத்திலும் பெயரை மாற்றிவிட்டார்கள்.

கம்பி நகர மன்றத்தின் கிடங்கில் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது. அதில் தொடர்க்காரர்கள் கட்டிய அட்டை இன்னும் தொங்குகிறது: 'நவீனமானது'.

(இந்த அட்டையை நான் கற்பனை செய்யவில்லை. கதையில் இப்படி வந்தால் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். என்ன செய்வது.)

4

சனவரிக் காலை. படிகளில் உறைபனி. நாய் ரஸ்டி கழுத்து வாரைத் தரையில் இழுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்தது. க்ளெண்டா கோட்டை மாட்டாமல் ஓடினாள்.

டெரிக் கடைசிப் படியில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே தண்ணீரில். வலது கை மட்டும் மேலே, எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கி இருந்தது.

"கம்பியப் பிடிச்சேன் க்ளென்," என்றார். "கம்பி இல்ல."

கம்பி போய் ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி நகர மன்றத்துக்கு எழுதியவரே அவர்தான். ஆனால் தெரிந்தது அவருக்கு. கைக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து மூன்றாவது படியில் கால் வைக்கும்போது வலது கை தானாக நீளும்.

வெளியூர்க்காரர்கள் இப்படி விழ மாட்டார்கள். அவர்கள் அங்கே கம்பியைப் பார்த்ததே இல்லை. இல்லாத கம்பியைப் பிடிக்க மார்ல்பியில் பிறந்திருக்க வேண்டும்.

க்ளெண்டா அவர் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவர் அலறினார். விட்டுவிட்டு, தன் பழைய பட்டன் போனில் அவசர எண்ணை அழுத்தினாள். எடுத்த பெண் எங்கோ தொலைவில், வேறொரு நகரத்தில் இருந்தாள்.

"ஆம்புலன்ஸ். எந்த இடம்மா?"

"மார்ல்பி. பன்றித் துறை. எங்க வீட்டுக்காரர் விழுந்து கிடக்கார். பாதி உடம்பு தண்ணிக்குள்ள."

"என்ன துறைம்மா?"

"பன்றித் துறை!"

"கால்நடைத் துறைக்கு வேற நம்பர்ம்மா."

[இங்கே நிறுத்துகிறேன். இந்த வரி தமிழில் மட்டுமே நடக்கும். அந்தப் பெண் அங்கே வேறொன்றாகக் கேட்டாள். அதைத் தமிழில் கொண்டுவர முடியவில்லை. அதற்குப் பதில் இந்தச் சிலேடை வந்து விழுந்தது. எழுதியதும் சிரித்தேன். நீங்களும் சிரித்திருக்கலாம். ஒரு மனிதர் உறையும் ஆற்றில் கிடக்கிறார். பார்ப்பவருக்குப் பிடிக்கும் என்பதற்காகப் பெயரை மாற்றியவர்கள்மேல் எனக்குக் கோபம். படிப்பவருக்குப் பிடிக்கும் என்பதற்காக நான் பேச்சை மாற்றுகிறேன். வரியை அடிக்கிறேன். அடித்தது தெரியட்டும் என்று விட்டுவைக்கிறேன்.]

"அப்படி ஒரு பேரே வரலையேம்மா. பக்கத்துல என்ன இருக்கு?"

"ஆறு!"

"ஆறு ஊரு முழுக்க ஓடுதும்மா."

"மில் சந்துக்குக் கீழ. சந்து முடியற இடத்துல."

"மில் சந்து ரெண்டு காட்டுது. ஆத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?"

"எங்க பக்கம்!" என்று கத்தினாள் க்ளெண்டா. பயத்தில் அதுதான் வந்தது.

"பதறாதீங்க. இங்க விதவைப் படின்னு ஒண்ணு காட்டுது. நீங்க விதவைப் படியிலயா இருக்கீங்க?"

டெரிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாகியிருந்தது.

"இல்ல," என்றாள் க்ளெண்டா.

பிறகு, "ஆமா. ஆமா, அங்கதான். சீக்கிரம் வாங்க," என்றாள்.

இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று நான் எழுதப் போவதில்லை. அதை எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

5

டெரிக்கின் இடுப்பு எலும்பு முறிந்தது. குளிரில் கிடந்ததில் நுரையீரல் கெட்டது. பல வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். இப்போது வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள்.

ஒரு வரைவில் அவரைக் கொன்றேன். இரண்டாவது தொடக்கம் அங்கிருந்து வந்ததுதான். கொன்றதும் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. க்ளெண்டா விதவை. இடம் விதவைப் படி. பொய்ப் பெயர் மெய்யாகிவிட்டது. படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததுதான் எனக்குக் கோபம். அவர்கள் வைத்த பெயர் பொருந்த வேண்டும் என்பதற்காக நான் ஏன் ஒரு மனிதரைச் சாகடிக்க வேண்டும்? கிழித்துப் போட்டேன். டெரிக் உயிரோடு இருக்கிறார். தினமும் இரண்டு முறை அவித்த பீன்ஸ் கேட்கிறார். அவள் ஒரு முறைதான் தருகிறாள்.

விபத்துக்கு மறுநாள் இணையச் செய்தி வந்தது. தலைப்பு: 'விதவைப் படியில் தவறி விழுந்த ரசிகர்!' மேலே தொடரின் நாயகி கண்ணீரோடு நிற்கும் படம்.

க்ளெண்டா மருத்துவமனைத் தாழ்வாரத்திலிருந்து கேலமுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, நான் டெரிக் பார்க்கினோட மனைவி பேசறேன். அவர் எவனுக்கும் ரசிகர் இல்ல."

"ஓ, சாரிங்க. எப்படி இருக்கார்?"

"அந்தத் தொடரைப் பார்க்கறத முதல் வாரத்துலயே நிறுத்திட்டார். பஸ்ஸுக்குத் தப்பா பெயிண்ட் அடிச்சிருக்காங்கன்னு."

"அது நல்லா இருக்கே! போட்டுக்கலாமா?"

"வேணாம்! அந்த இடம் பேரு பன்றித் துறைன்னு போடு. கம்பியக் கழட்டிட்டு மாட்டாம விட்டாங்கன்னு போடு. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

கேலம் பக்கமிருந்து விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"மேடம், உண்மையச் சொல்லட்டா? பன்றித் துறைன்னு போட்டா யாரும் தேட மாட்டாங்க. தேடலைன்னா யாரும் படிக்க மாட்டாங்க. கம்பி விஷயத்த நகர மன்றத்துகிட்ட கேட்கறேன். அவங்க எழுத்துல பதில் தந்தாப் போடறேன்."

"நீ ஒரு தடவை இங்க வந்து பாரேன்டா கண்ணு."

"பஸ் இருக்கா?" என்று கேட்டான். கிண்டலாக இல்லை. நிஜமாகவே.

இல்லை. அதையும் நிறுத்திவிட்டார்கள். அதுவும் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

மாலையில் செய்தி திருத்தப்பட்டிருந்தது: 'விதவைப் படியில் தவறி விழுந்த உள்ளூர் ரசிகர்!'

6

நகர மன்றக் கூட்டம். நான் காதைச் சொறிந்த கூட்டம்.

க்ளெண்டா எழுந்து நின்று ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். கம்பியைத் திரும்ப மாட்டுங்கள். கிடங்கில்தான் கிடக்கிறது, வாங்கக்கூட வேண்டாம்.

கவுன்சிலர் மெர்சர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர் டெரிக்குக்குப் பூ அனுப்பியவர்.

"க்ளெண்டா, உங்க வேதனை எங்களுக்குப் புரியுதும்மா. ஆனா பாருங்க, அந்தப் படிக்கு இவ்வளவு பேர் வர்றாங்க. வந்தவங்கள்ல ஒருத்தர்கூட விழலையே."

"வந்தவங்க விழ மாட்டாங்க. இருக்கறவங்கதான் விழுவோம்."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். மெர்சர் காகிதத்தைத் திருப்பினார்.

"இன்னொண்ணு. நான் சொல்ல வேணாம்னு நினைச்சேன். ஆம்புலன்ஸ் தாமதமானதைப் பத்தி அறிக்கை வந்திருக்கு. விதவைப் படியிலயா இருக்கீங்கன்னு கேட்டதுக்கு, கூப்பிட்டவங்களே இல்லன்னு சொல்லியிருக்காங்க."

க்ளெண்டா உட்கார்ந்தாள். உட்கார்வதற்கு முன் கையை நீட்டி முன் நாற்காலியின் முதுகைத் தேடினாள்.

இதோ, இந்த இடத்தில்தான் என் கை காது வரை போனது. நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: கணவன் தண்ணீரில் கிடக்கும்போது, நீ விதவைப் படியில்தானே இருக்கிறாய் என்று ஒருத்தியைக் கேட்டால், அவள் வேறென்ன சொல்வாள்? அந்தக் கேள்வியை அவள் முன் வைத்தது யார்? அவளுடைய 'இல்லை'யைக் குற்றப் பட்டியலில் எழுதியவர்கள், பலகை வைத்தவர்களின் பெயரை எந்தப் பட்டியலில் எழுதினார்கள்?

கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. தொடரின் இரண்டாம் பாகம். அதன் தொடக்க விழாவைப் படிகளிலேயே நடத்துவது, மார்ல்பி வானொலி நேரலையாக ஒலிபரப்புவது என்று முடிவானது.

7

வானொலியை நடத்தும் நைஜல் க்ளெண்டாவோடு பள்ளியில் படித்தவன். விழா நாளில், சந்து முனையில், வாசிக்க வேண்டிய தாளை அவளிடம் கொடுத்தான். கண்ணைப் பார்க்கவில்லை.

"என்ன நைஜல் இது? 'வணக்கம், நான் க்ளெண்டா பார்க்கின், நாம் இப்போது இருப்பது விதவைப் படியில்.'"

"தொடர்க்காரங்க எழுதித் தந்தது. சும்மா படிச்சிட்டுப் போயிடேன்."

"வேற யாரையாவது படிக்கச் சொல்லு."

"உன் குரல்தான் வேணுமாம். ஊர்க்குரலா இருக்குதாம்."

"ஊர்க்குரல் வேணும், ஊர்ப் பேரு வேணாமா?"

"க்ளெண்டா, கூரை ஒழுகுது. போன வாரம் மைக்குக்குக் குடை பிடிச்சேன். அவங்க சரி பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. நீ தாளை மாத்திப் படிச்சா கூரையும் கிடையாது, ஞாயித்துக்கிழமை உன் அறிவிப்பும் கிடையாது. நான் சொல்லலை, அவங்க சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

நைஜல் கம்பிவடத்தைச் சுருட்டினான். சுருட்டியதையே அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

படிகளில் கூட்டம். சால்வை போர்த்திய பெண்கள் நிறையப் பேர். க்ளெண்டா தாளோடு மேல்படியில் நின்றாள். வீட்டில், முன்னறைக் கட்டிலில், டெரிக் வானொலியைத் திருகி வைத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். கிளம்பும்போது அவர், "சத்தமாப் பேசு" என்று மட்டும் சொன்னார்.

இனி முடிவு.

ஒரு முடிவில் அவள் தாளைக் கிழிக்கிறாள். உண்மையைச் சொல்கிறாள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. மறுநாள் கம்பி வந்துவிடுகிறது. இதைத் தொடர்க்காரர்களிடம் கொடுத்தால் நன்றாக எடுப்பார்கள், மழையும் சேர்த்து. எனக்கு வேண்டாம்.

இன்னொன்றில் அவள் தாளில் உள்ளதை அப்படியே வாசிக்கிறாள். வீட்டுக்குப் போகிறாள். வானொலி அணைந்து கிடக்கிறது. டெரிக் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். இப்படி முடித்தால் நல்ல கதை என்பார்கள். படித்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சால் ஒரு கம்பியையும் மாட்ட முடியாது.

மூன்றாவது, நடந்தது. அன்று நான் கீழ்ப்படியில் புட்டியோடு நின்றிருந்தேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது. எழுத மாட்டேன். எழுதினால் அது அவள் சொன்னதாகிவிடும், நீங்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள். மார்ல்பியை எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். இதுவரை ஒருவரும் தம் வாயால் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளைத் தவிர.

எனவே இதோ: சிவப்பு விளக்கு எரிகிறது. மைக் திறந்திருக்கிறது. காதில் மாட்டிய கருவியில் நைஜலின் குரல், அவனுக்குத் தெரியாமலே, அந்த சனவரிக் காலையின் கேள்வியைக் கேட்கிறது:

"எந்த இடம்னு சொல்லும்மா."

"வணக்கம். நான் க்ளெண்டா பார்க்கின். நாம் இப்போது இருப்பது ————"

நீங்கள் சொல்லுங்கள். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு. பன்றி என்று சொல்லச் சிரிப்பு வந்தால், முதலில் சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். அவள் காத்திருப்பாள்.

டெரிக்கும் காத்திருந்தார்தானே, தண்ணீரில்.